நம் கல்லூரியின் லலிதா

இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் அரியர்ஸ் எழுதிய கதையைப் பற்றியும்தான் எழுதுவதாக இருந்தேன். அந்தப் பொறுப்போடு இன்னொரு பொறுப்பும் தலையில் விழுந்தது. எங்கள் பேட்ச் ஆட்களுக்குப் போன் போட்டு, ரீயூனியனுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து போன் போட்டேன். பையன்களில் வரமுடியாது என்றவர்களுக்கு ஆபீஸ் வேலை, வெளிநாட்டுப் பயணம், டிக்கெட் கிடைக்கவில்லை என்று காரணங்கள் இருந்தன. பெண்களில் வரமுடியாது என்றவர்கள் சொன்ன காரணம் அநேகமாக ஒன்றேதான். ஒருத்திக்குப் பெண்ணுக்குப் பரீட்சை. இன்னொருத்திக்கு மாமனாருக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். மற்றொருத்திக்குக் கைக்குழந்தை, விட்டுவிட்டு வர ஆள் இல்லை. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒரு பையன்கூடச் சொல்லவில்லை. எனக்கும் இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. வர முடியுமா முடியாதா என்று நான் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த லிஸ்ட்டை மடித்து வைத்தபோது லலிதா நினைவுக்கு வந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்றெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்போம். சிவப்புக் கட்டிடத்து வராந்தாவில் நடந்த எல்லோருக்கும் அவர் சீனியர்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைப் படித்தபோதுதான், வேலையையும் வீட்டையும் ஒருவர் எப்படிச் சேர்த்து நடத்த முடிந்தது என்பதற்கு அதில் விடை இருப்பதாகத் தோன்றியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஏழு பேரில் ஐந்தாவது

லலிதா 1919 ஆகஸ்ட் 27-ஆம் தேதி சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். முழுப்பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. வீட்டில் ஏழு குழந்தைகள், இவர் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டியில் மின் பொறியியல் பேராசிரியர். ஆக, டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் என்ற சொற்களெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும்.

ஆனால் பேராசிரியர் வீடாக இருந்தாலும் காலத்தின் வழக்கம் வாசலைத் தாண்டி உள்ளே வந்துதான் இருந்தது. பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தார்கள். பெண்களுக்கு ஓரளவு பள்ளிப்படிப்பு, பிறகு கல்யாணம். லலிதாவுக்கு 1934-இல் திருமணம் ஆனது. வயது 15. பெண்ணின் திருமண வயது 14 என்று வைத்த சாரதா சட்டம் நிறைவேறி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. சட்டப்படி பார்த்தால் அது குழந்தைத் திருமணம்கூட இல்லை! கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளிப்படிப்பை முடிக்க வைத்தார் அப்பா. அந்த நாளில் அதுவே பெரிய விஷயம்.

1937-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு அப்போது வயது 18.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் விதவையாக இருப்பது என்றால் என்ன என்று நம் பாட்டிமார்கள் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது, நல்ல புடவை கூடாது, சமையலறையும் கொல்லைப்புறமும்தான் உலகம். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிய லலிதாவுக்கும் மிச்ச ஆயுள் முழுவதும் அப்படியே போயிருக்கலாம். யாரும் அதில் தவறு கண்டிருக்கவும் மாட்டார்கள்.

நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு

அவர் படிப்பது என்று முடிவு செய்தார். அப்பா துணை நின்றார். இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்தது என்ன என்ற கேள்வி வந்தபோது எல்லோருக்கும் தோன்றக்கூடியது டாக்டர் படிப்புதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் பட்டம் வாங்கி, நாடறிந்த டாக்டராகவும் ஆகியிருந்தார். படித்த பெண் என்றால் டாக்டர் அல்லது டீச்சர் என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்த காலம்.

லலிதா டாக்டர் படிப்பு வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். டாக்டர் என்றால் நடு ராத்திரியில் கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டும். வீட்டில் குழந்தை இருக்கிறது. காலையில் போய் சாயந்திரம் திரும்பும்படியான வேலைதான் தனக்குத் தோது என்று அவர் நினைத்தார். அப்பாவும் அண்ணன்மார்களும் பார்க்கும் இன்ஜினியரிங் வேலை அப்படிப்பட்டதாகத் தெரிந்தது. நாட்டின் முதல் பெண் பொறியாளர் ஆனவருக்கு, முதல் ஆளாக வரவேண்டும் என்ற ஆசை இருந்ததா என்று தெரியவில்லை. சாயந்திரம் வீட்டில் இருக்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது.

இப்போது சிக்கல் எங்கே என்றால், கிண்டியில் பெண்களே கிடையாது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நாளிலிருந்து, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக, நம் கல்லூரியில் ஒரு பெண்ணும் படித்ததில்லை. சுப்பாராவ் நேரே பிரின்சிபாலிடம் போனார். அப்போது பிரின்சிபால் கே.சி. சாக்கோ. பொதுக்கல்வித்துறை இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதம் என்ற ஆங்கிலேயர். இருவருமே மறுக்கவில்லை. முன்னுதாரணம் இல்லை, ரூல் இல்லை, கமிட்டி போட்டு யோசிக்கலாம் என்று தள்ளிப்போட ஆயிரம் வழி இருந்தது. அவர்கள் சரி என்றார்கள். லலிதா மின் பொறியியல் மாணவி ஆனார். அந்தப் பாடப்பிரிவே நம் கல்லூரியில் 1930-இல்தான் வந்தது.

வார இறுதிகள்

நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். அவருக்கென்று தங்கும் இடம் தனியாக ஏற்பாடு செய்தார்கள். கேலி, கிண்டல், சீண்டல் என்றெல்லாம் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் உடன் படித்தவர்கள் அவரிடம் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள் என்று அவருடைய மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நம் சீனியர்கள் பெயரைக் காப்பாற்றினார்கள் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

இருந்தது தனிமைதான். மகளை அண்ணன் குடும்பம் வளர்த்தது. லலிதா வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். திங்கட்கிழமை காலை கிளாஸ். இதை எழுதும்போது என் வீட்டுக் குழந்தை ஆபீஸ் பையைப் பார்த்தாலே காலைக் கட்டிக்கொள்வது ஞாபகம் வருகிறது. அதை உதறிவிட்டு வாரம் தவறாமல் ஒரு பெண் கிளம்பியிருக்கிறார் என்றால், அது எளிதாக இருந்திருக்காது.

தனிமைக்கு அப்பா ஒரு வழி கண்டார். பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுக்கும்படி கல்லூரியை வற்புறுத்தினார். விளம்பரம் வந்ததும் லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். லலிதாவுக்கு ஒரு வருடம் ஜூனியர்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் படிப்புக் காலத்தைச் சில மாதம் சுருக்கினார்கள், மூவரும் சேர்ந்தே பட்டம் பெற்றார்கள். இதில் திரேசியா பிறகு 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஒருத்திக்குத் திறந்த கதவு வழியே எத்தனை பேர் வந்துவிடுகிறார்கள் பாருங்கள்!

பட்டச் சான்றிதழில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தப் படிவத்தில் மாணவர் என்றால் ஆண் என்றே அச்சடித்து வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ஆணைக் குறிக்கும் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்து, பெண்ணைக் குறிக்கும் சொல்லை மேலே எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு வழக்கம் ஒரு பேனாக் கோட்டில் மாறியது.

அண்ணன்மார் இருந்த ஊர்கள்

பட்டம் முழுமையாக ஒரு வருடம் தொழிற்பயிற்சி வேண்டும். லலிதா பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். 1862-இல் தொடங்கிய பழைய பெரிய ஒர்க்‌ஷாப். லேத், பாய்லர், இரும்புத்தூள் எல்லாவற்றையும் அங்கே பழகினார்.

பிறகு சிம்லாவில் இருந்த மத்திய தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை. ஏன் சிம்லா? அங்கே ஓர் அண்ணன் வீடு இருந்தது. குழந்தையை உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. அங்கே இருந்தபடியே லண்டனில் உள்ள மின் பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேறினார். அடுத்துச் சென்னைக்கு வந்து அப்பாவின் ஆராய்ச்சியில் கூட நின்றார். ஜெலெக்ட்ரோமோனியம் என்ற மின்சார இசைக்கருவி, புகையில்லா அடுப்பு, மின்சாரச் சுடர் உண்டாக்கும் சாதனம் என்று சுப்பாராவ் பேட்டன்ட் வாங்கிய காலம் அது. மனசுக்குப் பிடித்த வேலைதான், ஆனால் மகளை வளர்க்க நிரந்தர வருமானம் வேண்டும்.

1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். ஏன் கல்கத்தா? அங்கே இன்னோர் அண்ணன் வீடு இருந்தது!

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். அவருடைய சர்வீஸ் ரெக்கார்டை எடுத்து ஒரு மேப்பில் புள்ளி வைத்தால், ஜமால்பூர் தவிர ஒவ்வொரு புள்ளியும் அப்பா வீடோ அண்ணன் வீடோ இருந்த ஊர். அண்ணி, அத்தை, மாமா, சித்தி என்று யாராவது ஒருவர் மடியில்தான் அந்தக் குழந்தை இருந்தது. அம்மா ஆபீஸ் போன நேரத்தில் அவள் அவர்களுடைய குழந்தைகளோடு சேர்ந்து வளர்ந்தாள். அப்பா இல்லாத குறை தனக்குத் தெரியாமலே அம்மா வளர்த்தார் என்று மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கல்கத்தா கம்பெனியில் லலிதா ஏறக்குறைய முப்பது வருடம் வேலை செய்தார். உயர் அழுத்த மின்பாதைகள், சப்‌ஸ்டேஷன் அமைப்பு, பாதுகாப்புச் சாதனங்கள், கான்ட்ராக்ட் வேலைகள் என்று எல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. சட்லெஜ் ஆற்றில் சுமார் 226 மீட்டர் உயரத்துக்கு எழுந்த பக்ரா அணையின் மின்னாக்கிகள் தொடர்பான வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1963-இல் நேரு அந்த அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது செய்திப்படத்தில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு, அதன் பின்னால் கிண்டியில் படித்த ஒரு பெண்ணின் கைவேலையும் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

லண்டன் மின் பொறியாளர் கழகம் 1953-இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966-இல் முழு உறுப்பினராகவும் எடுத்துக்கொண்டது. 1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். இந்தியாவில் அனுப்பி வைக்க அப்படி ஒரு பெண் பொறியாளர் சங்கம் இல்லாததால், லலிதா தனி ஆளாகவே போய்க் கலந்துகொண்டார். 1965-இல் லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். 1967-இல் கேம்பிரிட்ஜில் இரண்டாவது மாநாடு நடந்தபோது, இந்தியாவில் அதைப் பற்றி எடுத்துச் சொல்லி ஆள் சேர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முதல் தடவை தனியாகப் போனவர், அடுத்த தடவைக்கு மற்றப் பெண்களைத் திரட்டினார். கிண்டியில் அப்பா கற்றுக்கொடுத்த பாடம் அது.

1977-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்காலம் நீளவில்லை. 1979 அக்டோபர் 12-ஆம் தேதி, மூளை ரத்தக்குழாயில் ஏற்பட்ட பாதிப்பினால் இறந்தார். வயது 60. மறுமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவிடம் தான் கண்டது மனிதர்களிடம் காட்டும் பொறுமையும், பேசிக்கொண்டிராமல் செய்துமுடிக்கும் குணமும் என்று மகள் சொல்லியிருக்கிறார்.

ஒரு லைன், இரண்டு லைன்

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒரு சங்கடமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே வீட்டில், அதே அப்பாவுக்குப் பிறந்த லலிதாவின் சகோதரிகள் கிண்டிக்கு வரவில்லை. அவர்களுக்கு மூளை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. லலிதாவின் கணவர் உயிரோடு இருந்திருந்தால் லலிதாவும் வந்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. ஒரு பெண் படிக்க வேண்டும் என்று அந்த நல்ல மனிதருக்கே, பெண்ணின் வாழ்க்கையில் இடி விழுந்த பிறகுதான் முழுதாகத் தோன்றியது. அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. நாமும் வீட்டில் ஏதாவது ஒன்று உடையும் வரைக்கும் யோசிக்காமல்தானே இருக்கிறோம்?

பவர் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முக்கியமான ஒரு சப்‌ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு லைன் மட்டும் கொடுத்துவிட்டுத் தூங்கப்போக மாட்டோம். ஒன்று டிரிப் ஆனால் இன்னொன்று லோடைத் தாங்க வேண்டும். லலிதா தொழிலில் செய்த டிசைனும் அதுதான், அவருடைய வீடு அமைந்திருந்த விதமும் அதுதான். அவர் ஒருவர் விட்ட இடத்தில் அண்ணன், அண்ணி, அப்பா என்று யாராவது தாங்கினார்கள். இன்று நம்மில் பல பேர் வீட்டில் ஒரே லைன்தான். அது மனைவி. குழந்தைக்கு ஜுரம் என்றால் லீவு போடுவது அவள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எடுப்பது அவள். என் மனைவியும் இன்ஜினியர்தான், என்னைவிட அதிக மார்க் வாங்கியவள். இரண்டு வருடத்தில் குழந்தைக்காக அவள் போட்ட லீவு எத்தனை, நான் போட்டது எத்தனை என்று இதை எழுதும்போது எண்ணிப் பார்த்தேன். அவளுடையதை இரண்டு கை விரல்களில் எண்ண முடியவில்லை. என்னுடையதற்கு ஒரு கை விரலே மிச்சம் இருந்தது.

சட்டம் தன் பங்குக்குச் செய்திருக்கிறது. 2017-இல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொல்லியாகிவிட்டது. ஆனால் 27-ஆவது வாரத்திலிருந்து என்ன செய்வது என்பது வீட்டிலும் ஆபீஸிலும்தான் முடிவாக வேண்டும். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள், சாயந்திரம் ஆறு மணிக்கு மீட்டிங் வைக்கும்போது ஒரு நிமிடம் லலிதாவை நினைத்துக்கொள்ளலாம். அவர் டாக்டர் படிப்பையே விட்டது அந்த ஆறு மணிக்காகத்தான்.

இப்போது படிக்கும் மாணவிகளுக்கு நான் புத்திமதி சொல்லப்போவதில்லை. உங்களுக்கு லலிதா அம்மாவே போதும். மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அந்த நாளில் உங்கள் சீனியர்கள் ஒரு பெண்ணை நிம்மதியாகப் படிக்க விட்டார்கள். அதை விடவும் ஒரு படி மேலே போவது உங்கள் கையில் இருக்கிறது. சமைக்கவும், குழந்தையைக் குளிப்பாட்டவும், கிழவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அரியர் வைத்தால் பிறகு கிளியர் பண்ணுவது கஷ்டம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரீயூனியனில் விழா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்குங்கள். பாய், பொம்மை, பால் காய்ச்ச ஓர் அடுப்பு, இது போதும். ஆள் சம்பளத்துக்கு வைக்க வேண்டாம். அவரவர் பேட்ச் ஆண்கள் ஒரு மணி நேரம் வீதம் முறை போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வோம். அண்ணன்மார் வீடு இல்லாத ஊரிலும், ஒரு நாளைக்காவது அண்ணன்மாராக இருப்போம். எங்கள் பேட்ச் சார்பில் முதல் ஒரு மணி நேரத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று தோழிகளுக்கும் மறுபடி போன் போட்டு, அடுத்த முறை குழந்தையோடு வரச் சொல்லப்போகிறேன்.